தற்கொலை இடர் மதிப்பீடு

தற்கொலை இடர் மதிப்பீடு என்பது, ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் வாய்ப்பு உள்ளதா, அதற்குத் தூண்டுதலாக இருப்பவை எவை, அவரைப் பாதுகாக்க என்ன செய்யலாம் என்பனவற்றை மருத்துவர், செவிலியர், உளவியலாளர் முதலியோர் ஆராய்ந்து அறியும் செயல்முறை ஆகும். இது உளநல மருத்துவத்தின் அடிப்படைப் பணிகளுள் ஒன்று. மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு, உளநோய்ப் பிரிவு, பொது மருத்துவரின் சிகிச்சையகம் ஆகிய இடங்களில் இது மேற்கொள்ளப்படுகிறது.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தனர். இவர்களுள் பலர் இறப்பதற்கு முந்தைய வாரங்களில் ஏதேனும் ஒரு மருத்துவரைச் சந்தித்திருந்தனர் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. எனவே யார் இறப்பார் என்பதை மருத்துவர் முன்கூட்டியே கண்டறிய இயலுமா என்னும் கேள்வி 1950களிலிருந்து ஆராயப்பட்டு வருகிறது. தனி மனிதர் ஒருவரின் தற்கொலையை நம்பத்தகுந்த வகையில் முன்கணிக்க இயலாது என்பதே இந்த ஆய்வுகளின் முதன்மையான முடிவு. ஆனால் இடரில் உள்ளவருக்கு உதவும் சிகிச்சைகள் உள்ளன என்பதும் இதே காலகட்டத்தில் நிறுவப்பட்டது. இவ்விரு முடிவுகளும் சேர்ந்து, மதிப்பீட்டின் நோக்கத்தையே மாற்றியுள்ளன.

வரலாறு

தற்கொலை பற்றிய தற்கால மருத்துவ ஆய்வு அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் விரிவடைந்தது. உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் 1949 இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட மரண விசாரணை அலுவலகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த தற்கொலைக் குறிப்புகளைக் கண்டு, அவற்றை நார்மன் ஃபார்பரோவுடன் இணைந்து ஆராயத் தொடங்கினார். இவர்களும் உளநோய் மருத்துவர் ராபர்ட் லிட்மனும் சேர்ந்து 1958 இல் லாஸ் ஏஞ்சலஸ் தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவினர். இறந்தவரின் உறவினர், நண்பர், மருத்துவர் ஆகியோரிடம் விசாரித்து அவருடைய மனநிலையை மறுகட்டமைக்கும் "உளவியல் உடற்கூறாய்வு" என்னும் முறை இம்மையத்தில் உருவானது.

எலை ராபின்சும் அவர் குழுவினரும் செயின்ட் லூயிஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஓராண்டில் நிகழ்ந்த 134 தற்கொலைகளை ஆராய்ந்து 1959 இல் முடிவுகளை வெளியிட்டனர். இறந்தவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் உளநோயால் பாதிக்கப்பட்டிருந்தனர் என்றும், ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் தம் எண்ணத்தைப் பிறரிடம் ஏதேனும் ஒரு வகையில் வெளிப்படுத்தியிருந்தனர் என்றும் இவ்வாய்வு காட்டியது. இங்கிலாந்தில் பிரையன் பேரக்ளோவும் பிறரும் 100 தற்கொலைகளை ஆராய்ந்து 1974 இல் வெளியிட்ட ஆய்வும் இதையொத்த முடிவைத் தந்தது. தற்கொலை பற்றிப் பேசுபவர் அதைச் செய்யமாட்டார் என்னும் பரவலான நம்பிக்கை தவறானது என்பது இதனால் தெளிவானது.

மதிப்பீட்டு முறைகள்

மதிப்பீட்டின் அடிப்படை நேர்காணல் ஆகும். இதில் பொதுவாகப் பின்வருவன கேட்டறியப்படுகின்றன:

- தற்கொலை எண்ணம் உள்ளதா, அது எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது
- திட்டம் ஏதேனும் உள்ளதா, அதைச் செயற்படுத்தும் நோக்கம் உள்ளதா
- முன்னர் முயற்சி செய்ததுண்டா
- மனச்சோர்வு, மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு, மதுச்சார்பு முதலிய நோய்கள் உள்ளனவா
- அண்மையில் நிகழ்ந்த இழப்பு, அவமானம், கடன், உறவுச் சிக்கல், உடல்நோய், தீராத வலி
- வாழ்வதற்கான காரணங்கள், துணை நிற்கும் உறவுகள் ஆகிய பாதுகாப்புக் காரணிகள்

நேர்காணலுக்குத் துணையாகப் பல அளவுகோல்கள் உருவாக்கப்பட்டன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரன் பெக் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். இவருடைய குழு 1974 இல் 20 கூற்றுகள் கொண்ட நம்பிக்கையின்மை அளவுகோலையும், 1979 இல் 19 வினாக்கள் கொண்ட தற்கொலை எண்ண அளவுகோலையும் வெளியிட்டது. தற்கொலை எண்ணத்துடன் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட 207 பேரைத் தொடர்ந்து கண்காணித்து பெக் 1985 இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுள் 14 பேர் பின்னர் தற்கொலையால் இறந்தது பதிவாகியுள்ளது. மனச்சோர்வின் கடுமையைவிட, எதிர்காலம் பற்றிய நம்பிக்கையின்மையே இறப்புடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெல்லி போஸ்னரும் பிறரும் உருவாக்கிய கொலம்பியா அளவுகோல் 2011 இல் விரிவாக வெளியிடப்பட்டது. வெறும் எண்ணம், திட்டம், முயற்சிக்கான ஆயத்தம், முயற்சி ஆகியவற்றைத் தனித்தனியே வரையறுப்பது இதன் சிறப்பு. வெவ்வேறு ஆய்வாளர்கள் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் பயன்படுத்திய குழப்பத்தை இது பெருமளவு குறைத்தது.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்னும் அச்சம் மருத்துவரிடையேயும் பொதுமக்களிடையேயும் நிலவி வந்தது. நியூ யார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவரிடம் மேட்லின் கூல்டும் பிறரும் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஒரு பகுதியினரிடம் தற்கொலை பற்றிய வினாக்கள் கேட்கப்பட்டன, மற்றோரிடம் கேட்கப்படவில்லை. வினாவை எதிர்கொண்டவரிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடுதலாகக் காணப்படவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவரிடமும் தீங்கு நேரவில்லை. பின்னர் வந்த மீளாய்வுகளும் இம்முடிவை உறுதி செய்துள்ளன.

முன்கணிப்பின் எல்லைகள்

தற்கொலை, அரிதாக நிகழும் ஒன்று. அரிய நிகழ்வுகளை முன்கணிப்பதில் உள்ள கணிதச் சிக்கலை ஆல்பர்ட் ரோசன் 1954 இலேயே எடுத்துக்காட்டினார். ஒரு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 1,000 பேரில் 5 பேர் அடுத்த ஆண்டுக்குள் தற்கொலையால் இறப்பர் எனக் கொள்க. இறப்போரில் 80 விழுக்காட்டினரையும், இறவாதோரில் 80 விழுக்காட்டினரையும் சரியாகப் பிரித்தறியும் ஒரு சோதனை இருப்பதாகவும் கொள்க. அச்சோதனை இறக்கவிருக்கும் 5 பேரில் 4 பேரைக் கண்டறியும். ஆனால் இறவாத 995 பேரில் 199 பேரையும் அது "மிகு இடர்" எனக் குறிக்கும். ஆக, குறிக்கப்பட்ட 203 பேரில் 4 பேருக்கே, அதாவது ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்கே, கணிப்பு மெய்யாகும். நடைமுறையில் உள்ள அளவுகோல்கள் எவையும் சீராக இந்த அளவு துல்லியத்தை எட்டவில்லை.

இக்கணக்கு நடைமுறையிலும் மெய்ப்பிக்கப்பட்டது. டெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் உளநோய்ப் பிரிவில் அடுத்தடுத்து அனுமதிக்கப்பட்ட 4,800 பேரை அலெக்ஸ் போக்கோர்னி மதிப்பிட்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். முடிவுகள் 1983 இல் வெளியாயின. அக்காலத்தில் 67 பேர் தற்கொலையால் இறந்தனர். மிகு இடர் உடையோர் எனக் குறிக்கப்பட்ட 803 பேரில் 30 பேர் இறந்தனர்; எஞ்சிய 37 பேர் அவ்வாறு குறிக்கப்படாதவர்கள். குறிக்கப்பட்ட குழுவில் இறப்பு வீதம் கூடுதலாகவே இருந்தது. எனினும் அக்குழுவில் 773 பேர் இறக்கவில்லை. இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அக்குழுவுக்கு வெளியே இருந்தனர்.

ஜோசப் ஃபிராங்க்ளினும் பிறரும் 2017 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 365 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. எந்தத் தனிக் காரணியும் குருட்டுவாக்கில் ஊகிப்பதைவிடச் சற்றே மேலான அளவுக்குத்தான் முன்கணித்தது என்றும், ஐம்பது ஆண்டுகளில் இந்நிலை மேம்படவில்லை என்றும் அது கண்டறிந்தது. ஆஸ்திரேலியாவின் மாத்யூ லார்ஜும் பிறரும் 2016 இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, மிகு இடர் என வகைப்படுத்தப்பட்ட உளநோயாளிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தற்கொலையால் இறப்பதில்லை; தற்கொலைகளில் ஏறத்தாழ பாதி, குறை இடர் என வகைப்படுத்தப்பட்டோரிடையே நிகழ்கின்றன.

நோயாளி தரும் விடையும் எப்போதும் போதுமானதன்று. மருத்துவமனையில் இருக்கும்போதோ விடுவிக்கப்பட்ட உடனேயோ தற்கொலையால் இறந்த 76 பேரின் குறிப்பேடுகளை கேத்தி புஷ், யான் ஃபாசெட், டக்ளஸ் ஜேக்கப்ஸ் ஆகியோர் ஆராய்ந்து 2003 இல் வெளியிட்டனர். அவர்களுள் 78 விழுக்காட்டினர் கடைசியாகப் பேசியபோது தமக்கு அத்தகைய எண்ணம் இல்லை என்றே கூறியிருந்தனர்.

கணினி வழி முன்கணிப்பு

மின்னணு மருத்துவப் பதிவுகளைக் கணினி வழிக் கற்றல் மூலம் ஆராயும் முயற்சிகள் 2010களில் பெருகின. ரொனால்ட் கெஸ்லரும் பிறரும் உளநோய்ப் பிரிவிலிருந்து விடுவிக்கப்பட்ட அமெரிக்கப் படைவீரரை ஆராய்ந்து 2015 இல் வெளியிட்டனர். கணிக்கப்பட்ட இடர் மிகுந்த 5 விழுக்காட்டினரிடையே மொத்தத் தற்கொலைகளில் 52.9 விழுக்காடு நிகழ்ந்திருந்தது. இது பழைய அளவுகோல்களைவிட மேம்பட்டது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை 2017 முதல் இத்தகைய முறை ஒன்றைப் பயன்படுத்தி, இடர் மிகுந்த 0.1 விழுக்காட்டினரைக் கண்டறிந்து அவர்களுடன் தொடர்பு கொள்கிறது. ஆயினும் அரிய நிகழ்வு என்னும் சிக்கல் இங்கும் நீங்கவில்லை. குறிக்கப்படுவோரில் மிகப் பெரும்பான்மையினர் தற்கொலையால் இறக்கப்போவதில்லை. எனவே இதன் பயன், யாருக்கு முதலில் கூடுதல் கவனம் தரலாம் என்று வரிசைப்படுத்துவதே ஆகும்.

நோக்க மாற்றம்

இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வு மற்றும் பராமரிப்பு மேன்மைக் கழகம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எதிர்காலத் தற்கொலையை முன்கணிக்க அளவுகோல்களைப் பயன்படுத்தக்கூடாது என்று கூறுகிறது. குறைவு, நடுத்தரம், மிகுதி என நோயாளிகளைப் பிரிப்பதையும் அது தவிர்க்கச் சொல்கிறது. யாருக்குச் சிகிச்சை தருவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதை மதிப்பெண்ணைக் கொண்டு முடிவு செய்யலாகாது என்பது அதன் அறிவுரை. மாறாக, அந்த மனிதரின் தேவைகள் எவை, அவரை உடலாலும் உள்ளத்தாலும் எவ்வாறு பாதுகாப்பது என்பதில் மதிப்பீடு கவனம் செலுத்த வேண்டும்.

இம்மாற்றத்தின் அடிப்படை எளிது. "குறை இடர்" என்னும் முத்திரை ஒருவருக்கு உதவியை மறுக்கும் காரணமாகிவிடலாம். தற்கொலைகளில் பாதி அப்பிரிவினரிடையே நிகழ்வதால் இம்மறுப்பு உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். "மிகு இடர்" என்னும் முத்திரையோ பலரைத் தேவையற்ற கட்டுப்பாட்டுக்கும் விருப்பமில்லா அனுமதிக்கும் உள்ளாக்கலாம். மதிப்பீடு கைவிடப்படவில்லை, அது சிகிச்சையின் முதற்படியாகக் கருதப்படுகிறது.

சிகிச்சை முறைகள்

பாதுகாப்புத் திட்டம்

பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் ஆகியோர் வகுத்த பாதுகாப்புத் திட்டம், நோயாளியும் மருத்துவப் பணியாளரும் சேர்ந்து எழுதும் ஒரு சிறு ஆவணம் ஆகும். எண்ணம் தீவிரமடைவதைக் காட்டும் அறிகுறிகள், தாமே செய்துகொள்ளக்கூடிய ஆறுதல் வழிகள், மனத்தைத் திசைதிருப்பும் இடங்களும் மனிதர்களும், உதவி கேட்கக்கூடிய உறவினர், மருத்துவ உதவி எண்கள், ஆபத்தான பொருள்களை எட்டாதவாறு அகற்றுதல் ஆகியன இதில் வரிசையாக எழுதப்படும். தீவிர எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணியும் தன்மையுடையது. அந்தக் குறுகிய நேரத்தைக் கடக்க உதவுவதே இதன் நோக்கம். ஒன்பது முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 1,640 பேரை ஒப்பிட்ட ஆய்வு 2018 இல் வெளியானது. இத்திட்டமும் தொலைபேசித் தொடர்பும் பெற்றவரிடம் ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தை 3.03 விழுக்காடாகவும், வழமையான சிகிச்சை பெற்றவரிடம் 5.29 விழுக்காடாகவும் இருந்தது. இது சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்ட சோதனையன்று.

உளவியல் சிகிச்சை

மார்ஷா லினெகன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களைக் கற்பிக்கிறது. 101 பெண்களிடம் நடத்தப்பட்டு 2006 இல் வெளியான சோதனையில், இச்சிகிச்சை பெற்றோர் தற்கொலைக்கு முயலும் வாய்ப்பு, பிற வல்லுநரிடம் சிகிச்சை பெற்றோரின் வாய்ப்பில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. தாமும் இளமையில் கடும் உளநோய்க்கும் தற்கொலை முயற்சிக்கும் ஆளானவர் என்பதை லினெகன் 2011 இல் வெளிப்படையாகக் கூறினார். அண்மையில் தற்கொலைக்கு முயன்ற 120 பேரிடம் கிரெகரி பிரவுன், பெக் முதலியோர் நடத்திய சோதனை 2005 இல் வெளியானது. பத்து அமர்வுகள் கொண்ட அறிதிறன் சிகிச்சை பெற்றவரில் 24.1 விழுக்காட்டினரும், பெறாதவரில் 41.6 விழுக்காட்டினரும் 18 மாதங்களுக்குள் மீண்டும் முயன்றனர்.

மருந்துகள்

மனச்சிதைவு நோயாளிகளில் தற்கொலை நடத்தையைக் குறைப்பதற்கென அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002 இல் குளோசபைன் மருந்தை ஏற்பளித்தது. 11 நாடுகளில் 980 நோயாளிகளிடம் நடந்த சோதனை இதற்கு அடிப்படையாக அமைந்தது. இம்மருந்து வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் குருதிச் சோதனைகள் தேவை. லித்தியம் தற்கொலையைக் குறைக்கிறது என 2013 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கூறியது. ஆனால் 519 முன்னாள் படைவீரரிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான சோதனையில் பயன் தென்படவில்லை. இவ்வினா இன்னும் விவாதத்தில் உள்ளது. மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் இளையோர் சிலரிடம் தொடக்கத்தில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என அந்நிர்வாகம் 2004 இல் எச்சரிக்கை விடுத்தது; 2007 இல் 24 வயது வரையுள்ளோருக்கும் அதை விரிவாக்கியது. இதனால் மருந்தைத் தவிர்ப்பதைவிட, தொடக்க வாரங்களில் நெருங்கிக் கண்காணிப்பதே பரிந்துரைக்கப்படுகிறது.

தொடர்பு பேணல்

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த உளநோய் மருத்துவர் ஜெரோம் மோட்டோ 1969 இல் ஓர் எளிய சோதனையைத் தொடங்கினார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ அனுமதிக்கப்பட்டு, விடுவிக்கப்பட்டபின் தொடர் சிகிச்சையை ஏற்காத 843 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு, அவர்களின் நலத்தை விசாரிக்கும் சிறு கடிதங்கள் ஐந்து ஆண்டுகளில் 24 முறை அனுப்பப்பட்டன. அவற்றில் எந்தக் கோரிக்கையும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்ற குழுவில் தற்கொலை வீதம் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது. விரிவான முடிவுகள் 2001 இல் வெளியாயின. பின்னர் வேறு இடங்களில் கடிதம், அஞ்சலட்டை, குறுஞ்செய்தி வழியாக நடத்தப்பட்ட சோதனைகள் கலவையான முடிவுகளையே தந்துள்ளன.

உலக சுகாதார அமைப்பின் ஐந்து நாட்டு ஆய்வு இவ்வகையில் முதன்மையானது. பிரேசிலின் காம்பினாஸ், இந்தியாவின் சென்னை, இலங்கையின் கொழும்பு, ஈரானின் கரச், சீனாவின் யுன்செங் ஆகிய இடங்களின் அவசரப் பிரிவுகளுக்குத் தற்கொலை முயற்சிக்குப்பின் கொண்டுவரப்பட்ட 1,867 பேர் இதில் பங்கேற்றனர். சென்னை ஆய்வில் உளநோய் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் பங்காற்றினார். இவர் 1986 இல் சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவியவர். ஒரு குழுவினருக்கு வழமையான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றொரு குழுவினருடன் விடுவிப்புக்கு முன் ஒரு மணி நேரம் உரையாடி, பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தனர். 2008 இல் வெளியான முடிவின்படி, முதற்குழுவில் 18 பேரும் (2.2 விழுக்காடு) இரண்டாம் குழுவில் 2 பேரும் (0.2 விழுக்காடு) தற்கொலையால் இறந்தனர். எனினும் மீண்டும் முயன்றோரின் வீதத்தில் இரு குழுக்களிடையே வேறுபாடு காணப்படவில்லை. யாருக்கு இடர் மிகுதி என்று தரம் பிரிக்காமல், முயற்சிக்குப்பின் வந்த அனைவருக்கும் இவ்வுதவியை வழங்கலாம் என்பது இம்முறையின் சிறப்பு.

விடுவிப்புக்குப் பிந்தைய காலம்

உளநோய்ப் பிரிவிலிருந்து விடுவிக்கப்பட்ட பின்வரும் வாரங்களே மிக இடரானவை. நூறு ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான மீளாய்வின்படி, விடுவிக்கப்பட்டோரில் தற்கொலை வீதம் ஆண்டுக்கு 1,00,000 பேருக்கு 484 ஆகவும், முதல் மூன்று மாதங்களில் அது 1,132 ஆகவும் இருந்தது. வெளியே வந்தவர் அதே சிக்கல்களுக்கு மீண்டும் முகம் கொடுக்கிறார். சுற்றியிருந்த கவனிப்பும் நின்றுவிடுகிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997 முதல் 2006 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2012 இல் வெளியான ஆய்வு, 24 மணி நேர நெருக்கடிக்கால உதவி, விடுவித்த ஏழு நாள்களுக்குள் சந்திப்பு முதலிய பரிந்துரைகளைக் கூடுதலாக நடைமுறைப்படுத்திய பகுதிகளில் தற்கொலை வீதம் குறைந்ததைக் காட்டியது.

ஆய்வு முறைச் சிக்கல்கள்

தற்கொலை அரிது என்பதால், இறப்பில் ஏற்படும் வேறுபாட்டை நிறுவப் பல ஆயிரம் பேர் கொண்ட சோதனைகள் தேவைப்படுகின்றன. அதனால் பெரும்பாலான ஆய்வுகள் இறப்பை அளவிடாமல் மீள்முயற்சியையோ எண்ணத்தையோ அளவிடுகின்றன. இவை இறப்புக்குச் சரியான பதிலியாக எப்போதும் அமைவதில்லை. மேலும், மருந்துச் சோதனைகள் பலவற்றில் தற்கொலை எண்ணம் உடையோர் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை. எனவே சிகிச்சை மிகவும் தேவைப்படுவோரைப் பற்றிய சான்றுகளே குறைவாக உள்ளன. இடரில் உள்ளவருக்கு உதவியை மறுப்பது அறமன்று என்பதால், ஒப்பீட்டுக் குழுவினருக்கும் வழமையான சிகிச்சை அளிக்கப்படுகிறது.

சட்டச் சூழல்

மருத்துவரிடம் உண்மை கூறும் சூழலைச் சட்டமும் பாதிக்கிறது. தற்கொலை முயற்சி குற்றமாக உள்ள இடங்களில், முயன்றவரும் குடும்பத்தினரும் அதை மறைக்க முற்படுவர். அந்நிலையில் மதிப்பீடும் உதவியும் தடைப்படும். இலங்கையில் 1998 இல் இது குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இந்தியாவில் 2018 இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பு வழங்குவது அரசின் கடமை என்றும் கூறியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. எனினும் அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கிலான முயற்சி அதில் குற்றமாக உள்ளது.

உதவி எண்கள்

இந்தியாவில் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணிலும், தமிழ்நாட்டில் மருத்துவ உதவிச் சேவையை 104 என்னும் எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் சேவையை 1926 என்னும் எண்ணிலும் அழைக்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

- தற்கொலை
- மனச்சோர்வு
- உளநோய் மருத்துவம்
- அறிதிறன் நடத்தைச் சிகிச்சை
- உலக தற்கொலைத் தடுப்பு நாள்